அம்பிட்டிய ஏற்றத்தில் எங்கள் மதில்

1

வருடத்தில் ஒருநாள் நான் செம்மஞ்சள் நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு தெரு வளைவில் நிற்பேன். சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் கிராமத்தின் ஊடாக ஒரு சைக்கிளோட்டப் போட்டி போகிறது. வீரர்கள் எங்கள் ஊரைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிடும் நேரம்தான். அதற்கு ஊர் மாதக்கணக்கில் தயாராகும். முதல்நாள் தெருவை மறித்துச் சின்னப்பிள்ளைகளுக்கு ஓட்டம் வைப்பார்கள். தேவாலய முற்றத்தில் நீள வாங்குகள் போட்டு எல்லோருமாக இருந்து சாப்பிடுவார்கள். போட்டி முடிந்து சில கிழமைகளில் ஊர்க்கூட்டம் நடக்கும். போட்டியால் ஊருக்கு என்ன மிஞ்சியது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். நான் இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்காதவன். கை உயர்த்த உரிமையில்லாதவர்களுக்கென்று சுவரோரமாகப் போட்டிருக்கும் கதிரைகளில் ஒன்றில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் வருடம் அந்தக் கூட்டத்தில் என்னையும் எழும்பி அறிமுகம் செய்யச் சொன்னார்கள். ‘நான் வளைவில் நிற்கும் காவலர்’ என்று ஜெர்மன் மொழியில் சொல்ல வெளிக்கிட்டு, ஓர் எழுத்தைக் கூடுதலாக அழுத்திவிட்டேன். அது ‘நான் வளைவில் நிற்கும் கம்பம்’ என்று ஆகிவிட்டது. மண்டபம் குலுங்கியது. என்னவென்று விளங்காமல் நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மகள் அபிராதான் முகத்தைச் சுழித்துக்கொண்டு விளக்கம் தந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவள் என்னோடு வந்ததில்லை.

இன்னொரு வருடம் ஒரு முதியவர், போட்டிக்காக வெட்டிய தன் வேலிச் செடிகளை யாரும் திரும்ப நட்டுத் தரவில்லை என்று கூட்டத்தில் எழும்பி நின்று வாதாடினார். போட்டியைப் பற்றி வேறு எதுவுமே பேச முடியாமல் போயிற்று. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நாலு செடிக்கு இவ்வளவு பாடா?

அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

கண்டிப் பட்டணத்திலிருந்து தலாத்துஓயாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, அம்பிட்டியவில் இறங்கினால், பக்கவாட்டில் ஒரு தெரு மலையில் ஏறும். அதன் மூன்றாவது வளைவில் எங்கள் வீடு. அதற்கும் மேலே போனால் பழைய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். நான் பிறந்த காலந்தொட்டு அந்தத் தெருவுக்கு பஸ் வந்ததில்லை. குன்றும் குழியுமாகக் கிடந்த வழியில் ஆட்டோக்காரர்களே ஏற மறுப்பார்கள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கண்டியின் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எழுதுவினைஞராக வந்து, விலை மலிவு என்பதற்காக அங்கே காணி வாங்கியவர். இப்போது அந்த வீட்டில் அக்கா தனியாக இருக்கிறா. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. கலியாணம் செய்யவில்லை.

மலைநாட்டில் பல நாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் சைக்கிளோட்டம் நடக்கப்போகிறது, அதில் ஒருநாள் ஓட்டம் எங்கள் தெருவால் ஏறப்போகிறது என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

“உண்மையாத்தான் தம்பி. காபட் றோட்டுப் போடுகினம். இஞ்ச வந்து பார், படுத்துறங்கலாம் போல கிடக்குது.”

பிறகு ஒரு சங்கடம் வந்தது. எங்கள் வளைவில் தெரு நன்றாக ஒடுங்கும். வீட்டு மதில் அந்த மூலையில் தெருவை நெருக்கிக்கொண்டு நிற்பதால், வீரர்கள் கூட்டமாகத் திரும்புவது ஆபத்து என்று போட்டி ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். மூலையை இடித்துவிட்டு, போட்டி முடிந்ததும் தங்கள் செலவிலேயே திரும்பக் கட்டித் தருவதாக, அந்த வேலைகளுக்குப் பொறுப்பான ஓர் இளைஞர் வந்து பேசினாராம். காணி என் பெயரில் இருப்பதால் அக்கா என்னைக் கேட்டா. கட்டித் தருவதென்றால் இடிக்கட்டும் என்றேன்.

போட்டியன்று இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. அபிரா தன் கணினியில் நேரடி ஒளிபரப்பைப் போட்டாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. இங்குள்ள சைக்கிள் கழகமொன்றில் ஓடுகிறாள். வீட்டில் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் வரும். ஒன்பது வயதுக்குப் பிறகு கண்டிக்கு வரமாட்டேன் என்று நின்றவள். ‘அங்க எனக்கு என்ன இருக்கு?’ என்று கேட்பாள்.

திரையில் வீரர்கள் அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சுவாங்கத் தொடங்கியதும் அவள் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.

“அப்பா, இது உங்கட றோட்டா? இவ்வளவு செங்குத்தா?”

“ஓம். பள்ளிக்கூடம் விட்டு ஒவ்வொரு நாளும் இதாலதான் ஏறி வாறனான்.”

“எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் காது கொடுத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது வளைவு வந்தது. குடை பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைக் கண்டு இருவரும் ஒன்றாகச் சத்தம் போட்டோம். அவவுக்குப் பின்னால் எங்கள் முற்றமும் ஜம்பு மரமும் வீட்டு வாசலும் திறந்துகிடந்தன. மூலையை மட்டும் இடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முன்பக்கத்து மதில் முழுதாகவே இல்லை. மூலையை உடைத்தபோது மற்றப் பக்கமும் சரிந்துவிட்டதாகப் பிறகு அக்கா சொன்னா. வீரர்கள் போய் மறைந்துவிட்டார்கள். நான் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

அந்த மதிலை அப்பா கட்டியது எண்பத்து மூன்று யூலைக்குப் பிறகு.

தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய அந்தக் கலவரத்தின்போது நாங்கள் வீட்டில் இருக்கவில்லை. மேலே லயத்தில் ஒரு குடும்பத்தோடு ஒளிந்திருந்தோம். திரும்பி வந்தபோது யன்னல் கண்ணாடிகளும் அப்பாவின் அலுமாரியும் உடைந்து கிடந்தன. வீடு எரியவில்லை. எங்களைப் போன்ற பலருக்கு அந்த அளவும் மிஞ்சவில்லை. அப்பா யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. மதில் கட்டத் தொடங்கினார். கருங்கல் வைத்து, ஆளுயரத்துக்கு மேல். கொத்தனார் போதும் என்ற பிறகும் இன்னும் இரண்டு வரி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் வானம் தெரியும், தெரு தெரியாது.

எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன வயதில் அந்த மதிலுக்குள் வந்து படலையைச் சாத்தியதும்தான் நெஞ்சு படபடப்பு நிற்கும். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஓய்வு பெற்றதும் கண்டிக்குப் போய், அந்த மதிலுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன் என்பதுதான் என் எண்ணம். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. அது வேறு கதை.

4

போட்டி முடிந்த அடுத்த மாதம் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மதில் விஷயமாகப் பேசவந்த அதே இளைஞர்தான் நடத்தினாராம். போட்டியின் ஞாபகமாக ஊரவர்களுக்கு ஏதாவது செய்துதர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்ததாம். ஊரைக் கேட்டுச் செய்வதற்காகத்தான் கூட்டம்.

எங்கள் வளைவில் நின்று பார்த்தால் கீழே மகாவலிப் பள்ளத்தாக்கு தெரியும். அங்கே ஒரு பெரிய சைக்கிள் சிலை வைத்து, பூச்செடி நட்டு, சுற்றுலாக்காரர் படமெடுக்க ஒரு மேடை கட்டலாம் என்று அவர் படம் போட்டுக் காட்டினாராம். எல்லோரும் வடிவாக இருக்கிறது என்று சொன்னார்கள். பிறகு செல்வி எழும்பினாள். லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கண்டிப் பட்டணத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை. நாளாந்தம் அந்த ஏற்றத்தில் இறங்கி ஏறுபவள்.

“சாமான் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சேர். ரோடும் நல்லாருக்கு. இதுல ஒரு பஸ்ஸு விடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்” என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாளாம்.

ஒருவர் சொன்னதும் மண்டபம் முழுக்க அதையே சொல்லத் தொடங்கியதாம். சிங்களவர், தமிழர், கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எல்லோரும். பஸ் விடுவது தங்கள் வேலையில்லை என்று அந்த இளைஞர் முதலில் தயங்கியிருக்கிறார். ஆனால் நல்ல பிள்ளை. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த கிழமையே டிப்போவுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். டிப்போவிலிருந்து ஆள் வந்து தெருவை அளந்தார்கள். சின்ன பஸ் ஏறும், ஒரே ஓர் இடத்தைத் தவிர பிரச்சினையில்லை என்றார்கள். அந்த ஓர் இடம் எங்கள் வளைவு. இப்போது இருப்பதுபோல மதில் இல்லாமல் இருந்தால் திரும்பலாம். மதிலைப் பழைய இடத்தில் கட்டினால் திரும்ப முடியாது.

அக்கா இதையெல்லாம் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொன்னா. கடைசியில், “என்ன சொல்லுறாய்?” என்றா.

“கட்டித் தாறம் எண்டு சொன்னவை எல்லே? கட்டித் தரச் சொல்லுங்கோ.”

“கட்டினா பஸ் திரும்பாது, தம்பி.”

“பஸ் திரும்புறதுக்கு அப்பான்ர காணிதானா கிடைச்சது?”

“அப்பா இருந்தா குடுத்திருப்பார்.”

“அப்பா இருந்தா இன்னும் ரெண்டு வரி உயர்த்திக் கட்டியிருப்பார். அவர் ஏன் கட்டினவர் எண்டு உங்களுக்கு மறந்துபோச்சே?”

“அவங்கள் வந்த நேரம் மதில் இருக்கேல்லை. மதில் கட்டின பிறகு ஒருத்தரும் வரேல்லை. அது ஆரைத் தடுத்தது எண்டு நானும் இவ்வளவு காலமா யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டா.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “நாலு செடிக்கு இவ்வளவு பாடா எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்?” என்றாள்.

5

சில கிழமைகள் அக்காவும் நானும் பேசவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். முதியோர் இல்லத்தில் கிழங்கு மசிப்பதும் சூப் காய்ச்சுவதுமாகப் பொழுது போனது. அங்கே இருப்பவர்களில் ஒரு மூதாட்டி, தன் வீட்டில் விழுந்து நெடுநேரம் யாரும் காணாமல் கிடந்த பிறகுதான் இங்கே கொண்டுவரப்பட்டவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் எனக்கு அக்காவின் ஞாபகம் வரும். ஆனாலும் நான் எடுக்கவில்லை. பிடிவாதத்தில் நாங்கள் இருவரும் அப்பாவின் பிள்ளைகள்தான்.

ஒருநாள் மத்தியானம் இடைவேளையின்போது இலங்கை இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணே, நான் செல்வி பேசுறேன். லயத்துல இருக்குற செல்வி. உங்க அக்காகிட்டதான் நம்பர் வாங்குனேன். கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்கோ.”

“மதில் விஷயமா பேசுறதுக்குன்னு எடுக்கல. மிஸ்ஸுக்கு இப்ப எப்படியிருக்குன்னு நீங்க கேக்கவே இல்லன்னாங்க. அதான்.”

“ஏன், அக்காவுக்கு என்ன?”

“சொல்லலியா? மொற்றத்துல வழுக்கி விழுந்துட்டாங்கண்ணே. காலைல நான் வேலைக்கு எறங்கிப் போறப்ப பாத்தேன். செடிக்குப் பக்கத்துல ஒக்காந்த மாதிரி கெடந்தாங்க, எந்திரிக்க முடியல. நானும் பள்ளிக்கூடம் போற புள்ளைங்களுமா தூக்கி, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எலும்பு முறியல. வீக்கந்தான். இப்ப நடக்குறாங்க.”

அவள் தொடர்ந்து சொன்னாள்:

“நான் இருவது வருசமா அந்த வழியா போறேன். மிஸ்ஸு மொகத்தப் பாத்துப் பேசுனது மதில் விழுந்ததுக்கப்புறந்தான். அதுக்கு முன்னால உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. எங்க அம்மா ஒரு வார்த்த சொல்லுச்சு, ரேஸ் அன்னிக்கு. இத்தன நாட்டுக்காரன் ஏறி வர்ற ரோட்டுல நமக்கு ஒரு பஸ்ஸு ஏறாதான்னு. அவ்வளவுதாண்ணே. நீங்க கட்டணும்னா கட்டுங்க. கல்லு தூக்க நாங்களே வர்றோம். ஒங்க காணி. ஆனா எதுன்னாலும் முடிவச் சொல்லிருங்க. அக்கா மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருக்காங்க.”

நன்றி என்று மட்டும் சொன்னேன். சமையலறைக்குப் பின்னால், காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தே அக்காவுக்கு எடுத்தேன்.

“விழுந்ததை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ மதிலைப் பற்றித்தானே கேட்டனீ” என்றா அக்கா.

“பஸ் வரட்டும் அக்கா.”

“யோசிச்சுத்தான் சொல்லுறியோ?”

“ஓம்.”

அவ அழுகிறா என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, “அப்ப படலையை எங்க வைக்கிறது?” என்று கேட்டா. அன்று அரை மணி நேரம் படலையைப் பற்றித்தான் பேசினோம்.

6

ஒரு துண்டுக் காணியைத் தெருவுக்குக் கொடுப்பதும் சுலபமான காரியமில்லை. நொத்தாரிசு எழுதிய பத்திரத்தில் நான் தூதரகத்தில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதமாக இருக்கிறது, கடவுச்சீட்டில் இன்னொரு விதம், சுவிஸ் அட்டையில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி மூன்றாவது விதம். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு முறை ரயிலேறிப் போக வேண்டியிருந்தது.

அங்கே முத்திரை குத்திய சிங்களப் பெண்மணி பத்திரத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல தமிழில், “இங்க வாறவங்க எல்லாம் காணிய மீட்டுத் தாங்கன்னு வாறாங்க. நீங்கதான் குடுக்கிறதுக்கு வந்திருக்கிறீங்க” என்றார்.

“பஸ்ஸுக்கு” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“அம்பிட்டிய.”

“அந்த ஏத்தமா?” என்று கேட்டுவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். அவருடைய சொந்த ஊர் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கெலிஓயாவாம்.

7

பஸ் ஓடத் தொடங்கிச் சில கிழமைகளில், ஓகஸ்ட் விடுமுறைக்கு அபிராவும் நானும் கண்டிக்குப் போனோம். வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. தன் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டு அவளே வந்து நின்றாள். “அந்த ஏத்தத்தை ஓடிப் பார்க்க வேணும்” என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் காலை அவள் கீழே சந்தியிலிருந்து தொடங்கினாள். செய்தி எப்படிப் பரவியதோ, தெருவெல்லாம் ஆட்கள். இரண்டாவது வளைவில் அவளுக்கு மூச்சு முட்டியது. செல்வி படிக்கட்டில் நின்றுகொண்டு, “பாப்பா, எறங்கிராத! இந்தா, முடியப்போகுது!” என்று கத்தினாள். அபிரா இறங்கத்தான் செய்தாள். கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு வந்து, மீண்டும் ஏறி, சிறுபிள்ளைகள் பின்னால் ஓடிவர எங்கள் முற்றத்துக்குள் வந்து விழுந்தாள். படலை இன்னும் போடவில்லை. நேரே வாசல் வரை வரலாம்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. அபிரா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

“அத்தை, நீ ஒவ்வொரு நாளும் இதால நடந்தியா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “அத்தையை நீங்கள் எண்டு சொல்ல வேணும்” என்று திருத்தினேன். அவளுக்கு ஜெர்மனில் வீட்டாரை எல்லாம் ‘நீ’ என்று கூப்பிட்டுத்தான் பழக்கம்.

“விடடா” என்றா அக்கா. “அம்மா செத்த பிறகு என்னை நீ எண்டு கூப்பிட ஒரு ஆளில்லை. அவள் கூப்பிடட்டும்.”

பிறகு அவர்கள் இருவரும் அரைத் தமிழிலும் கை ஜாடையிலுமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் கணுக்காலில் இன்னும் முழுதாக வற்றாத வீக்கத்துக்கு அபிரா தன் கழகத்தில் படித்த விதமாகத் துணி சுற்றிவிட்டாள். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். தெருவால் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். முதல்நாள் அது பெரிய தொந்தரவாக இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாள் ஒருவர் ‘எப்ப வந்தது?’ என்று சிங்களத்தில் கேட்டார். பள்ளியில் என்னோடு படித்தவராம். எனக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கு இருந்தது.

புறப்படுவதற்கு முன்பு ஒருநாள் அக்காவை மருத்துவரிடம் காட்டிவிட்டு மூவரும் பட்டணத்திலிருந்து அந்த பஸ்ஸிலேயே வந்தோம். சின்ன பஸ், நிறையச் சனம். அம்பிட்டியச் சந்தியில் திரும்பி மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சாரதி நீளமாக ஹோர்ன் அடித்தார். எங்கள் முற்றம் தூரத்தில் தெரிந்ததும் அக்கா, “ஐயோ, உடுப்பெல்லாம் கொடியில கிடக்குது. முழு பஸ்ஸும் பார்க்கப்போகுது” என்று முணுமுணுத்தா.

புதிதாக வந்த வழி என்பதால் தரிப்பிடங்களுக்குப் பலகை இன்னும் நாட்டவில்லை. ஏறி இறங்குகிறவர்கள் சொல்வதுதான் பெயர். நடத்துநர் பையன் கதவில் தொங்கிக்கொண்டு சிங்களத்தில் கூவினான்:

“தாப்பே லங்க! தாப்பே லங்க பஹின அய!”

மதிலடியில் இறங்குகிறவர்கள் வாருங்கள் என்று அர்த்தம். குனிந்து வெளியே பார்த்தேன். கொடியில் அக்காவின் சேலையும் அபிராவின் ஓட்டச் சட்டையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வேறொன்றும் இல்லை.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினா.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? இறங்கு, எங்கட இடம் வந்திட்டுது.”